வீட்டு முன்னால் ஜல்லி கொட்டலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டு முன்புறங்கள் மாறிக்கொண்டு வருகின்றன. புல் போய், அந்த இடத்தில் சாம்பல் ஜல்லியோ வெள்ளைக் கூழாங்கல்லோ வந்துவிட்டது. நடுவில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் ஈட்டி மாதிரி விறைத்து நிற்கும் ஒரு செடி. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "வேலை இல்லை, தண்ணீர் ஊற்ற வேண்டாம், பாம்பு வராது, மழை பெய்தாலும் கல்லுக்குள் இறங்கிவிடும்." இதற்கு நேர் எதிராக, கல் என்றாலே பாவம், இயற்கைக்கு விரோதம் என்று பேசுகிறவர்களும் உண்டு.

இரண்டு தரப்பும் பார்ப்பது மேலே தெரியும் கல்லை மட்டும். பாதிச் சங்கதி கல்லுக்கு அடியில் விரித்திருக்கும் விரிப்பிலும் அதற்கும் கீழே உள்ள மண்ணிலும் இருக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தாவரவியல் படித்திருக்கத் தேவையில்லை. வெயிலும் மழையும் தெரிந்திருந்தால் போதும்.

எதை ஜல்லி முற்றம் என்கிறோம்

கல் இருக்கிற தோட்டம் எல்லாம் ஒன்றல்ல. தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியிலுள்ள கரூ என்ற வறண்ட வெளியில் இயற்கையாகவே கற்களுக்கு நடுவே செடிகள் வளர்கின்றன. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் பெத் சாட்டோ என்ற தோட்டக்கலைஞர், கார் நிறுத்துமிடமாக இருந்த ஒரு மனையை 1990களின் தொடக்கத்தில் ஜல்லித் தோட்டமாக மாற்றினார். வேர் பிடித்த பிறகு அதற்குத் தண்ணீரே பாய்ச்சுவதில்லை என்பதுதான் அதன் பெருமை. அங்கே செடிதான் பிரதானம். ஜல்லி, மண்ணின் ஈரம் போகாமல் காக்கிறது. இப்படி ஈரம் காக்க மண்ணின்மேல் பரப்பும் எதற்கும் மூடாக்கு என்று பெயர். வைக்கோல், சருகு, மரச்சீவல், கல், எதுவும் மூடாக்காகலாம்.

நம் தெருக்களில் நடப்பது வேறு. ஒப்பந்தக்காரர் வருகிறார். புல்லோடு சேர்த்து மேல்மண்ணையும் சுரண்டி பக்கியில், அதாவது சிறிய சரக்கு வண்டியில், ஏற்றி அனுப்பிவிடுகிறார். மிச்சமிருக்கும் அடிமண்ணை, கல் அமிழக் கூடாது என்பதற்காக, அதிர்வு எந்திரத்தால் இறுக்குகிறார். அதன்மேல் கறுப்பு பிளாஸ்டிக் தாள், இல்லையென்றால் களைத்தடுப்பு விரிப்பு. கடையில் சுருள் சுருளாக விற்கும், பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் செய்த துணிதான் அது. அதற்கு மேல் நாலு விரல்கடை உயரத்துக்குக் கல். முடிந்தது. இந்தக் கட்டுரையில் ஜல்லி முற்றம் என்று சொல்வது இதைத்தான்.

இந்த மோகத்துக்கு ஒரு காரணம் 2015 முதல் 2018 வரை கேப் டவுனை வாட்டிய வறட்சி. 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தது. குளிக்கவே தண்ணீர் இல்லாதபோது புல்லுக்கு யார் ஊற்றுவார்கள்? அங்கே புல்தரையை எடுத்தது நியாயம். ஆனால் கேப் டவுனில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை காய்ந்து கிடக்கிறது. டர்பனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி கோடையில். செடிக்குத் தாகம் எடுக்கும் காலத்திலேயே வானம் ஊற்றுகிறது. அந்த ஊர் மருந்தை இந்த ஊர் நோயாளிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வெயில்: மண்பானையும் இலையும்

மண்பானையில் ஊற்றிவைத்த தண்ணீர் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் குடத்தில் இருப்பது அப்படி இருக்காது. பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே தண்ணீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் அதற்கு வெப்பம் வேண்டும்; அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. பானை குளிர்கிறது.

இலையும் இதைத்தான் செய்கிறது. வேர் மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கிறது, இலையின் அடிப்புறத் துளைகள் அதை ஆவியாக வெளியே விடுகின்றன. இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எவ்வளவு வெப்பம் தேவை தெரியுமா? 2000 வாட் கெட்டிலை 20 நிமிடம் நிறுத்தாமல் ஓடவிட்டால் எவ்வளவு சக்தி செலவாகுமோ அவ்வளவு. ஈரமுள்ள மண்ணில் நன்றாக வளர்ந்த செடித்தரை, கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு சுமார் 3 லிட்டரை ஆவியாக்கும் என்று வைத்துக்கொள்வோம். 40 சதுர மீட்டர் முற்றத்துக்கு 120 லிட்டர். ப்ரீபெய்டு மீட்டர் கணக்கில் சொன்னால் சுமார் 80 யூனிட் வெப்பம், ஒரே நாளில். உடனே 80 யூனிட் மின்சாரம் மிச்சம் என்று எண்ணிவிட வேண்டாம்; அந்தக் குளிர்ச்சியில் பெரும்பகுதியைக் காற்று தெருவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய்விடும். ஆனால் வெயிலின் அவ்வளவு சக்தி சுவரையும் தரையையும் சுட வைப்பதற்குப் பதிலாகத் தண்ணீரை ஆவியாக்குவதில் கழிந்துவிடுகிறது.

ஜல்லியிடம் ஆவியாக்கத் தண்ணீர் இல்லை. விழுகிற வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, மற்றதையெல்லாம் சூடாக வாங்கி வைத்துக்கொள்கிறது. அடர் நிறக் கல்லின் மேற்பரப்பு நல்ல வெயிலில் 50 டிகிரியைத் தாண்டுவது அபூர்வமல்ல. பொழுது சாய்ந்த பிறகு அதை மெல்ல வெளியே விடத் தொடங்குகிறது. இங்கே கோடையான ஜனவரி மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் முன்னறை ஜன்னல் வழியே வெக்கை அடிக்கிறது என்றால், ஜன்னலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று எட்டிப் பாருங்கள். கல்லும் தாரும் சிமெண்டும் இப்படிப் பகலில் வாங்கி இரவில் விடுவதால் நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை நகர வெப்பத் தீவு என்பார்கள். ஒரு முற்றம் தீவை உண்டாக்காது. தெரு முழுக்க முற்றங்கள் கல்லாகும்போது உண்டாகிறது.

"நாங்கள் வெள்ளைக் கல் போட்டிருக்கிறோம், அது சூடாகாது" என்பார்கள். பாதி உண்மை. வெள்ளைக் கல் அதிக ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தான் குறைவாகவே சூடாகும். ஆனால் திருப்பி அனுப்பிய ஒளி எங்கே போகிறது? வானத்துக்குப் போனது போக மிச்சம் உங்கள் சுவரிலும் ஜன்னலிலும், வாசலில் நிற்கிறவர் முகத்திலும் விழுகிறது. அதோடு டர்பன் ஈரக்காற்றில் வெள்ளைக் கல் வெள்ளையாகவே இருக்கும் காலம் ரொம்பக் குறைவு. முதல் மழைக்காலத்திலேயே நிழல் விழும் பக்கத்தில் பச்சைப்பாசி பிடித்துவிடும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் நீராவிப்போக்கு கொஞ்சம் மந்தமாகத்தான் நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று மேலும் ஈரத்தை எளிதில் வாங்காது. இருந்தாலும் மத்தியான வெயிலில் ஒரு கையைப் புல்மேலும் மறு கையைக் கல்மேலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

இதுவரை: செடி வெயிலைத் தண்ணீரில் செலவழிக்கிறது, கல் சேர்த்து வைத்து இரவில் திருப்பிக் கொடுக்கிறது. வெள்ளைக் கல் அதைப் பக்கத்தில் தள்ளிவிடுகிறது.

மழை: கல்லுக்குள் இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது

இங்கேதான் குழப்பம் அதிகம். சிமெண்ட் போட்டால் தண்ணீர் இறங்காது, ஜல்லி போட்டால் இறங்கும், ஆகவே ஜல்லி நல்லது என்று ஒரு கணக்கு. கல்லுக்குள் தண்ணீர் இறங்குவது நிஜம். அதற்குக் கீழே நாலு விரல்கடையில் அதற்கு வேறு வரவேற்பு காத்திருக்கிறது.

மழை மண்ணுக்குள் புகுவதை ஊடுருவல் என்கிறோம். புக முடியாமல் மேலோடு ஓடுவதை வழிந்தோடும் நீர் என்கிறோம். அடியில் பிளாஸ்டிக் தாள் இருந்தால் ஊடுருவல் கிடையாது. ஜல்லி அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்து, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அனுப்பும். அவ்வளவுதான் அது செய்யும் உதவி. களைத்தடுப்பு விரிப்பு புதிதாக இருக்கும்போது தண்ணீரை விடும். ஆனால் டர்பன் மேடுகளில் பல இடங்களில் இருப்பது பெரியா மண் எனப்படும் சிவப்பு மணல். அதன் நுண்துகளும் தெருத்தூசியும் மக்கிய சருகும் விரிப்பின் துளைகளில் படிந்து அடைக்கும். அதையும் தாண்டி இறங்கினால் எந்திரத்தால் இறுக்கிய அடிமண். வேர் இல்லை, புழு இல்லை, துளை இல்லை.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் முற்றத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2000 லிட்டர். செடித்தரையில் முதலில் இலைகள் துளியின் வேகத்தை உடைக்கின்றன, வேர்களும் மண்புழுக்களும் போட்ட துளைகள் வழியே தண்ணீர் இறங்குகிறது, ஒரு பகுதி மண்ணிலேயே தங்கி அடுத்த வார வெயிலுக்குப் பயன்படுகிறது. அடைபட்ட முற்றத்திலோ, கல் நனைந்த பிறகு மிச்சம் எல்லாம் வாசலைத் தாண்டிச் சாலைக்கும் மழைநீர்க் குழாய்க்கும் போகிறது. சாட்ஸ்வொர்த்தின் வடபுறத்தில் விழும் தண்ணீர் உம்ஹ்லத்துசானா ஆற்றுக்குப் போய், அங்கிருந்து டர்பன் துறைமுகத்தில் சேர்கிறது, வழியில் கிடைத்த எண்ணெயையும் குப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளை இங்கே யாரும் மறக்கவில்லை. சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். முற்றத்தில் செடி வைத்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். அந்த அளவு மழையில் எந்த மண்ணும் நிரம்பிவிடும். வித்தியாசம் தெரிவது ஒவ்வொரு கோடையிலும் பத்துப் பதினைந்து தடவை வரும் சாதாரண இடிமழையில். கீழ்த்தெரு வீட்டுக்குள் தண்ணீர் புகுமா, வாசலோடு நிற்குமா என்பதில். அதே ஏப்ரல் வெள்ளம் டொங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேதப்படுத்தி, அந்த ஊர்க் குழாய்களை மாதக்கணக்கில் காயப் போட்டதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும் ஒரே ஆண்டில் வரும் ஊரில், விழுகிற மழையை மண்ணில் பிடித்து வைக்காமல் சாலைக்கு அனுப்புவது கைக்காசைச் சாக்கடையில் போடுவது.

ஒரு எச்சரிக்கை. சரிவான மனைகளில் எல்லாத் தண்ணீரையும் ஒரே இடத்தில் மண்ணுக்குள் இறக்கக் கூடாது. அந்தச் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது உறுதியாகத் தெரியும். ஊறினால் அரித்துக்கொண்டு போகும். தாங்குசுவருக்குப் பின்னாலோ மேட்டின் விளிம்பிலோ நீர் ஊறும் பள்ளம் தோண்ட வேண்டாம்.

ஜெர்மனியில் இந்தச் சண்டை சட்டசபை வரை போய்விட்டது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2020இல் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, வீட்டுத் தோட்டங்களில் ஜல்லி முற்றம் போடுவதையே தடை செய்தது. இங்கே அப்படி எதுவும் தேவையென்று எனக்குத் தோன்றவில்லை. விஷயம் தெரிந்தால் பாதிப் பேர் தாங்களே விட்டுவிடுவார்கள். காரணம் அடுத்த பகுதியில்.

வேலை மிச்சமா? களை என்ன சொல்கிறது

முதல் வருடம் ஜல்லி முற்றத்தைப் போல நல்ல பிள்ளை கிடையாது. கல் பளிச்சென்று இருக்கும், ஒரு புல் தலைகாட்டாது. அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஆசைப்பட்டு அவரும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுகிறார்.

களை விரிப்புக்குக் கீழிருந்து வரும் என்று நினைத்துத்தான் விரிப்புப் போடுகிறோம். பெரும்பாலான களை மேலிருந்து வருகிறது. காற்று தூசியைக் கொண்டுவருகிறது, மாமர இலை விழுந்து மக்குகிறது, கல்லிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக ஒரு மண் சேர்கிறது. இரண்டு மூன்று மழைக்காலம் போனால் கல்லுக்கும் விரிப்புக்கும் நடுவில் ஒரு நாற்றங்காலே தயார். விதைகளைக் காற்றும் பறவையும் இலவசமாகப் போடுகின்றன. சிரிங்கா மரத்தின் மஞ்சள் பழத்தைத் தின்ற பறவை உங்கள் முற்றத்தில் உட்கார்ந்து எழுந்தால், சில வாரத்தில் வேப்பங்கன்று மாதிரி ஒன்று கல்லுக்குள்ளிருந்து நிமிர்ந்து நிற்கும். அது இந்த நாட்டில் அன்னிய ஆக்கிரமிப்புச் செடி என்று பட்டியலிடப்பட்டது. பிடுங்கப் போனால் வேர் விரிப்பின் இழையோடு பின்னிக்கொண்டு துணியையும் சேர்த்துத் தூக்கும். துணி கிழிந்த இடத்தில் அடுத்தது.

கீழிருந்து வருகிறவையும் சாமானியமல்ல. கோரையின் முனை ஊசி போன்றது. விரிப்பையும் சில சமயம் பிளாஸ்டிக் தாளையும் குத்திக்கொண்டு மேலே வரும். நிலத்தடியில் அதன் கிழங்கு சங்கிலி போலத் தொடர்வதால் மேலே கிள்ளுவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அறுகம்புல்லோ விரிப்பின் ஓரத்தைத் தேடி ஊர்ந்து வந்து, அங்கே தலையை நீட்டும். பிள்ளையாருக்கு உகந்த புல்தான், ஆனால் ஜல்லிக்கு நடுவே முளைத்ததைப் பிடுங்கும்போது யாரும் பக்தியோடு பிடுங்குவதில்லை.

மண்ணில் முளைத்த களையைக் களைக்கொத்தால் ஒரு சீவு சீவினால் போயிற்று. கல்லில் கொத்து ஓடாது. குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், அல்லது களைக்கொல்லி அடிக்க வேண்டும். இலையைக் கூட்டுவதற்கும் துடைப்பம் உதவாது. ஊதுகுழல் எந்திரம் வாங்க வேண்டும். அது இலையோடு சின்னக் கல்லையும் சேர்த்து காரின்மேல் ஊதும். வெயில் பட்ட இடங்களில் விரிப்பு நைந்து கறுப்பு இழை இழையாக வெளியே வரும். மண்ணில் கலந்துவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் துணுக்குகளைப் பொறுக்கி மாளாது. கடைசியில் கல்லை அள்ளி, அலசி, விரிப்பை மாற்றி, திரும்பக் கொட்ட வேண்டும். அந்தச் செலவை முதலில் விலை சொன்னவர் சொல்லியிருக்க மாட்டார்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் வெறும் தரை என்று ஒன்று நீடிக்காது. ஏதாவது ஒன்று அதை மூடியே தீரும். அது நாம் தேர்ந்தெடுத்த செடியா, தானாக வந்த களையா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்

மேல்மண்ணில் மண்புழு, பூஞ்சை, பாக்டீரியா என்று ஒரு கூட்டம் குடியிருக்கிறது. மக்கிய இலைதான் அவற்றுக்குச் சாப்பாடு. விரிப்பு விழுந்ததும் சாப்பாடு நிற்கிறது, காற்றும் குறைகிறது. தேனீ என்றால் கூட்டில் வாழ்வது என்றுதான் நினைப்போம். உலகில் உள்ள தேனீ வகைகளில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை, மண்ணில் துளை போட்டு முட்டையிடுபவை. அவற்றுக்குக் கல்லும் துணியும் பூட்டிய கதவு. இதைப் பற்றி நிறையப் பேசலாம். உங்கள் பூசணியும் பாகலும் காய்க்க வேண்டுமென்றால் இவை வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பாம்பு பயம்

"தம்பி, செடி வைத்தால் பாம்பு வரும்பா" என்று சொல்லாத ஆயா டர்பனில் இல்லை. பயத்துக்குக் காரணமும் உண்டு. இந்த ஊரில் மாம்பா வீட்டுக்குள்ளேயே பிடிபடுகிறது. ஆனால் பாம்பு வருவது இரைக்கும் ஒளிவிடத்துக்கும். எலி, தவளை, குவித்து வைத்த செங்கல், பழைய தகரம், மூடாத குப்பை இவைதான் அழைப்பிதழ். கணுக்கால் உயரத்துக்குக் கீழே அடர்ந்து படரும் செடியில் பெரிய பாம்பு எளிதில் மறைந்துகொள்ள முடியாது. முழங்கால் உயரப் புதராக வளர்வதை மட்டும் வாசற்படியிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளி நடுங்கள். காட்டுப் பூண்டை வீட்டைச் சுற்றி நட்டால் பாம்பு வராது என்று ஜூலு மக்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பாம்பு வருமோ வராதோ, ஊதாப் பூவும் பூண்டு வாசமுமாக அது நல்ல செடி, பராமரிப்பே கேட்காது.

அப்படியானால் எதைப் போடுவது

குறைந்த வேலை என்றால் செடியே இல்லாமல் இருப்பது என்று அர்த்தமில்லை. தரையை முழுக்க மூடி, களைக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்துவிட்டால் வேலை தானாகக் குறையும். இப்படித் தாழ்வாகப் படர்ந்து மண்ணை மறைப்பவற்றைத் தரைமூடிச் செடிகள் என்கிறோம். இந்தக் கடற்கரைக்கே சொந்தமானவை ஏராளம் உண்டு என்பதால் வெளியூர்ச் சரக்கைத் தேட வேண்டியதில்லை.

நிழல் விழும் முற்றத்துக்கு என் முதல் தேர்வு கிராசுலா மல்டிகாவா. சதைப்பற்றான வட்ட இலை, குளிர்காலத்தில் இளஞ்சிவப்பாகப் பொடிப்பூ. பூத்து முடிந்ததும் பூத்தண்டிலேயே குட்டிச் செடிகள் முளைத்து, கீழே விழுந்து, விழுந்த இடத்தில் வேர் விடும். ஒரு தொட்டி வாங்கினால் மறு வருடம் தெருவுக்கே கொடுக்கலாம். வெயில் அடிக்கும் இடத்துக்கு புல்பைன்: ஆரஞ்சு, மஞ்சள் பூ, கற்றாழை போல் இலைக்குள் குழகுழப்பான சாறு, பூச்சிக்கடிக்கும் சின்னத் தீக்காயத்துக்கும் தடவுவார்கள். சரிவுக்கும் மணலுக்கும் புளிப்பத்தி (ஆங்கிலத்தில் சவர் ஃபிக்) என்ற சதைப்பற்றுக் கொடி, மண்ணை இறுகப் பிடிக்கும். அரைநிழலுக்கு ப்ளெக்ட்ராந்தஸ் வகைகள், அதாவது நம் கற்பூரவல்லியின் உறவுக்காரர்கள். கற்பூரவல்லிக்கே குவாசுலு-நட்டால் சொந்த மண்தான். கிள்ளி நட்டால் போதும், சளிக்கு மருந்தும் ஆயிற்று.

புல்தான் வேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும் என்றால் கிக்குயுவை விட்டுவிட்டு எல்.எம். புல் போடுங்கள். கிக்குயு வேகமாக வளரும், வாரா வாரம் வெட்டச் சொல்லும். எல்.எம். இந்தக் கடற்கரைப் புல். உப்புக்காற்றையும் நிழலையும் தாங்கும், வெட்டாமல் விட்டால் மெத்தை மாதிரி மேடு மேடாகப் படியும்.

மதிலுக்குப் பதில் வேலி வேண்டுமா? அமதுங்குலு. நம் களாக்காய்க்கு நெருங்கிய சொந்தம். கவை கவையாக முள், மல்லிகை போல வாசம், சிவப்புப் பழம். நன்றாகப் பழுத்ததை மட்டும் சாப்பிடலாம், ஜாம் காய்ச்சலாம். திருடனும் தாண்டத் தயங்குவான்.

ஸ்பெக்பூம் என்ற சதைப்பற்றுச் செடி பற்றி ஒரு வார்த்தை. காற்றிலுள்ள கரியமில வாயுவை எல்லாம் ஒரே செடி உறிஞ்சிவிடும் என்கிற ரீதியில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஈஸ்டர்ன் கேப்பில் யானைகள் மேயும் புதர்க்காடுகளில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, சரி. உங்கள் முற்றத்தில் அது ஒரு நல்ல வறட்சி தாங்கும் வேலிச்செடி. அவ்வளவு போதும், அதற்காகவே வைக்கலாம்.

காரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வரும். சக்கரம் ஓடும் இரண்டு பட்டைக்கு மட்டும் கல் பதித்து, நடுவில் தாழ்வான தரைமூடி விடலாம். இல்லாவிட்டால் ஓட்டை உள்ள சிமெண்ட் புல்கட்டைகள் கிடைக்கின்றன. ஓட்டைக்குள் மண் நிரப்பி எல்.எம். புல்லை ஊன்றினால் கார் பாரத்தைக் கட்டை தாங்கும், தண்ணீர் ஓட்டை வழியே இறங்கும். அதோடு வெயில் படும் மூலையில் ஒரு கறிவேப்பிலை, வாசலில் துளசி. இந்த சாட்ஸ்வொர்த் மேடுகள் 1960களில் நகரியம் ஆவதற்கு முன் நம்மவர்கள் வாழையும் காய்கறியும் பயிரிட்ட நிலம். மண்ணில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஏற்கெனவே கல் கொட்டியாயிற்று என்றால்

ஒரே நாளில் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டாம். மழைத்தண்ணீர் வழிந்து வெளியேறும் தாழ்ந்த ஓரத்தில் தொடங்குங்கள். அங்கே ஒரு மீட்டர் அகலம் திறந்தாலே பலன் தெரியும். செப்டம்பர், அக்டோபரில் முதல் மழை விழும் சமயம் சரியான காலம்.

கல்லை இரும்பு வாரியால் ஒதுக்கிவிட்டு விரிப்பை முழுசாக எடுங்கள். துளை போட்டு அதில் செடி நடும் குறுக்குவழி வேண்டாம், அடியில் மண் இறுகியே கிடக்கும். கவைக்கடப்பாரையை (கார்டன் ஃபோர்க்) ஒரு சாண் ஆழம் இறக்கி முன்னும் பின்னும் ஆட்டி மண்ணைத் தளர்த்துங்கள். புரட்டிப் போட்டால் உறங்கும் களைவிதை எல்லாம் மேலே வரும், அதனால் ஆட்டினால் போதும். மேலே இரண்டு மூன்று விரல்கடைக்கு மக்கிய உரம். செடிகளை ஒரு அடி இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்குப் பத்துப் பதினொன்று பிடிக்கும். இடைவெளியில் மரச்சீவல் மூடாக்கு. மரம் வெட்டுகிற ஆட்களைக் கேட்டால் பல சமயம் இறக்கிவிட்டுப் போவார்கள், அவர்களுக்கும் குப்பைக்கிடங்குச் செலவு மிச்சம். சிரிங்கா விதை கலந்த குவியலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆறேழு மாதம் வேலை உண்டு, இதை மறைக்க விரும்பவில்லை. மழை தவறினால் வாரம் இரண்டு தடவை தண்ணீர், இடையில் முளைக்கும் களையைப் பூக்குமுன் பிடுங்குவது. செடிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்ட பிறகு களைக்கு இடமில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஓரம் வெட்டினால் போதும்.

எடுத்த கல்லை என்ன செய்வது? மரச்சீவலைச் சுவரை ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும். அதனால் சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்கு அந்த ஜல்லியையே, அடியில் விரிப்பு இல்லாமல், போடுங்கள். கூரைத் தண்ணீர் விழுந்து சேறு தெறிக்காது. கூரைக்குழாய் கொட்டும் இடத்தில் கொஞ்சம், கேட்டிலிருந்து வாசற்படி வரை நடைபாதைக்குக் கொஞ்சம். அப்புறமும் மிஞ்சினால், முற்றத்தில் கல் கொட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் விற்றுவிடாதீர்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.